குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி, வரப்புக்கு இந்தப்பக்கம் பட்டுப்புழு: குளவி விட்டால் புழுவுக்கு ஆபத்தா?

கேள்வி: மல்பெரிக்காட்டுக்காரி (பாப்பாரப்பட்டி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் காடு பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் மல்பெரி, அதை ஒட்டியே இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி). இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். கிழங்கு முள்ளுவாடி ரகம், தை கடைசியில் நட்டது. இப்போது நாலாவது மாதம் நடக்கிறது.

பதினைந்து நாளாக நுனியெல்லாம் சுருண்டு வருகிறது. மேலே இருக்கிற இலைகள் விரியாமல் கொத்தாக, குட்டி முட்டைக்கோஸ் மாதிரி உட்கார்ந்துவிட்டன. தண்டும் கணு நெருங்கிக் கோணலாக வளைகிறது. கொத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு. விரலில் தேய்த்தால் மாவு போய் ரோஸ் கலரில் உடம்பு தெரிகிறது. பத்துச் செடிக்கு மூன்று செடி இப்படி இருக்கும். எறும்பும் சாரை சாரையாக ஏறுகிறது.

வீட்டுக்காரர் மருந்து அடித்துவிடலாம் என்கிறார். எனக்குத்தான் கை வரவில்லை. காரணம் போன ஐப்பசி. பக்கத்துக் காட்டில் யாரோ கத்தரிக்கு அடித்த மருந்து காற்றில் வந்து எங்கள் தழைமேல் விழுந்திருக்கிறது. தெரியாமல் அந்தத் தழையை வெட்டிப் போட்டுவிட்டேன். ஐந்தாம் பருவம் (கூடு கட்டுவதற்கு முந்தின கடைசிப் பருவம்), நாலாம் நாள் புழு. மறுநாள் காலையில் புழு வளர்க்கிற மனைக்குள் போனால் புழுவெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது, பச்சைத் தண்ணீர் கக்குகிறது. சாயந்திரத்துக்குள் முடிந்துவிட்டது. 150 முட்டைத்தொகுதிப் (ஒரு தாய்ப்பூச்சி இடுகிற முட்டை ஒரு தொகுதி) புழுவையும் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டினோம். இப்போது நாங்களே எங்கள் கிழங்குக்கு அடித்தால் அதே கதைதானே?

கிழங்கு பார்க்க வந்த தரகர் ஒருவர், இதற்கென்று ஒரு குளவி இருக்கிறது, அதை விட்டால் மாவுப்பூச்சியைத் தீர்த்துவிடும் என்றார். இதைக் கேட்டதும் எங்கள் அத்தை பிடித்துக்கொண்டார்கள். "குளவி புழுவைக் கொட்டித் தூக்கிக்கொண்டு போய் மண்கூட்டில் அடைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் லட்சம் புழுவை வைத்துக்கொண்டு நீ குளவியை விருந்துக்குக் கூப்பிடுகிறாயா?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே.

அடுத்த வாரம் சாக்கிப்புழு (வளர்த்துத் தருகிற இளம்புழு) வருகிறது. குளவி விடலாமா? பட்டுப்புழுவைத் தொடுமா? எங்கே கிடைக்கும்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

பதில் 1: மேட்டுநிலம்

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். நாலாம் மாதத்தில் நுனி போனால் கிழங்கு பருக்காது, ஆலையில் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) ஏறாது. காற்றில்லாத காலை நேரமாகப் பார்த்து, மல்பெரி பக்கம் நாலு சால் விட்டுவிட்டு மருந்து அடியுங்கள். குளவிக்குக் காத்திருந்தால் காடு போய்விடும்.

பதில் 2: அரூர் குச்சிக்காடு

தங்கச்சி, மேலே தம்பி சொன்னதைத்தான் நானும் ஒரு காலத்தில் செய்தேன். அதனால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று முதன்முதலாக வந்தது. அடுத்த வருஷமே எங்கள் காட்டில் ஏறிவிட்டது. பப்பாளி என்று பெயர்தான், கிழங்கு, மல்பெரி, செம்பருத்தி, ஒன்றையும் விடவில்லை. நான் புரோபெனோபாஸ் நாலு முறை அடித்தேன். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக இருக்கும், பதினைந்தாம் நாள் முன்னைவிட அதிகமாக இருக்கும். கடைசியில் காட்டில் சிலந்திகூடக் கிடையாது, மாவுப்பூச்சி மட்டும் இருந்தது. அந்த மெழுகு மாவுக்குள் மருந்து இறங்குவதில்லை. அதைத் தின்ன வந்ததெல்லாம் வெளியில் நடமாடியதால் செத்துவிட்டது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2010இல் அதற்கு மூன்று வகைக் குளவிகளை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்தார்கள். அதில் நன்றாகப் பிடித்துக்கொண்டது அசெரோபேகஸ் பப்பாயே. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்கினார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சின்னக் குழாய். உள்ளே மிளகாய்த்தூள் ஒட்டினது மாதிரி ஏதோ நகர்ந்தது. இதற்காகவா பஸ் ஏறிப் போனோம் என்றுதான் நினைத்தேன். மருந்தை நிறுத்தி, அந்தக் குழாயைக் காட்டு நடுவில் திறந்து வைத்தேன். அடுத்த பருவத்தில் பப்பாளி மாவுப்பூச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் காட்டில் இருப்பது அது இல்லை. நசுக்கினால் மஞ்சளாக வந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. நீங்கள் ரோஸ் என்கிறீர்கள், நுனி முட்டைக்கோஸ் போல் ஆகிவிட்டது என்கிறீர்கள். அது மரவள்ளி மாவுப்பூச்சி. 2020இல் கேரளாவில் தென்பட்டு, பிறகு நம் பக்கம் வந்தது. வந்தபோது எனக்கு என்ன தைரியம் என்றால், பழைய குளவிதான் காட்டில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! இரண்டும் மாவுப்பூச்சிதான், ஒரே செடியில்தான் இருக்கிறது, ஆனாலும் தொடவில்லை. அந்த வருஷம் எனக்கு ஒரு ஏக்கர் போயிற்று.

உங்கள் அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். பக்கத்து வீட்டு மாவுப்பூச்சியையே தொடாத குளவி பட்டுப்புழுவிடம் எங்கே வரும்? அத்தை பார்த்த மண்கூட்டுக் குளவி வேறு சாதி. அது புழுவைக் கொட்டி மயக்கித் தூக்கிப் போய், கூட்டில் வைத்து, முட்டையிட்டு மூடிவிடும். கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அதைப் பார்த்துத்தான். புழு குளவியாவதில்லை, உள்ளே இருக்கிற குளவிக்குஞ்சு புழுவைத் தின்றுவிட்டு வெளியே வருகிறது. நான் சொல்கிற குளவியும் வேலையை அப்படித்தான் செய்யும், ஆனால் தூக்கிக்கொண்டு போகாது. எள்ளில் பாதிகூட இருக்காது, எதைத் தூக்கும்? மனிதரையும் கொட்டாது.

மரவள்ளி மாவுப்பூச்சிக்கென்றே இருக்கிற அந்தக் குளவியின் பெயர் அனகைரஸ் லோபெசி. இதன் பூர்வீகம் தென்னமெரிக்கா. எழுபதுகளில் இந்த மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, கிழங்கையே சோறாகச் சாப்பிடுகிற நாடுகளைப் படாதபாடு படுத்தியது. 1981இல் பராகுவேயில் இந்தக் குளவியைக் கண்டுபிடித்து, நைஜீரியாவில் விட்டார்கள். அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவியது. அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். நமக்கு அது 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வகத்துக்கு வந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாகக் காட்டில் விடப்பட்டது. ஏத்தாப்பூர் தெரியும்தானே, வாழப்பாடி தாண்டி ஆத்தூர் போகிற வழி. பராகுவேக்காரி நைஜீரியா சுற்றி நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

பெண் குளவி நுனிக்கொத்துக்குள் புகுந்து, ஓரளவு வளர்ந்த மாவுப்பூச்சியாகப் பார்த்து ஊசியை ஏற்றி உள்ளே முட்டை வைக்கும். ரொம்பச் சின்னதாக இருந்தால் குத்தி, கசிகிற நீரைக் குடித்துவிட்டுப் போகும். அதுவும் செத்துப்போகும். முட்டை வைத்த பூச்சி மெல்ல ஊதி, பழுப்பாகி, காய்ந்த நெல் மாதிரி கெட்டியாகிவிடும். இதை மம்மி என்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதன் ஒரு முனையில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக்குளவி வெளியே வரும். பூச்சி அரித்த கிழங்குச் செடியின் வாசனையை வைத்தே அது காட்டைக் கண்டுபிடிக்கிறது. நாம் வழி காட்ட வேண்டாம், கெடுக்காமல் இருந்தால் போதும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. குளவி தேடி எங்கும் போவதற்கு முன்னால் உங்கள் காட்டையே பாருங்கள். போன் கேமராவைப் பெரிதாக்கி, சுருண்ட கொத்து இருபதைப் பிரித்துப் பாருங்கள். பழுப்பு மம்மியோ, ஓட்டை விழுந்த கூடோ இருந்தால் குளவி ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் மருந்தை நினைக்கவே நினைக்காதீர்கள். இல்லையென்றால் பாப்பாரப்பட்டி கேவிகேயில் (வேளாண் அறிவியல் நிலையம்) கேளுங்கள், உங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். ஏத்தாப்பூரிலும் கேட்கலாம்.

நுனியைக் கிள்ளி எரிக்கச் சொல்வார்கள். மோசமாக இருக்கிற நுனியைக் கிள்ளத்தான் வேண்டும், ஆனால் எரித்தால் உள்ளே இருக்கிற குளவியும் சேர்ந்து போகும். நான் பழைய பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, வாயில் கொசுவலை கட்டி, டிரம்மை ஒரு தட்டுத் தண்ணீரில் நிற்க வைப்பேன். குளவி வலைக்கண்ணில் பறந்து போகும். மாவுப்பூச்சிக்குஞ்சுக்குச் சிறகில்லை, நடந்து இறங்கினால் தண்ணீரில் விழும். டிரம்மைக் காற்றடிக்காத மூலையில் வையுங்கள், குஞ்சு காற்றிலும் பறக்கும்.

எறும்பை மறக்காதீர்கள். மாவுப்பூச்சி விடுகிற தேன் எறும்புக்கு வேண்டும், அதனால் எறும்பு காவல் நிற்கும், குளவியை விரட்டும். புற்றைப் பார்த்து அழித்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்த வருஷத்துக்குக் குச்சி வாங்கும்போதும் இந்தப் பூச்சி இல்லாத காட்டில் வாங்குங்கள். ஊர் விட்டு ஊர் இது குச்சியில்தான் பயணம் போகிறது.

கடைசியாக ஒன்று. பூச்சியே இல்லாமல் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த மாவுப்பூச்சியில் ஆணே கிடையாது, ஒற்றைப் பெண் போதும் மறுபடி கூட்டம் சேர்க்க. பத்துச் செடியில் ஒரு செடி அங்கங்கே இருக்கும். இருக்கட்டும். அது அடியோடு போய்விட்டால் குளவி எதைத் தின்று நம் காட்டில் தங்கும்?

பதில் 3: தேன்கனிக்கோட்டை பட்டுக்கூடு

அக்கா, அண்ணன் கிழங்குப் பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார். நான் மனைப் பக்கம் சொல்கிறேன். நாங்கள் இருபது வருஷமாகப் புழு வளர்க்கிறோம், எங்கள் மனைக்குள்ளேயே குளவி விடுகிறோம் என்றால் அத்தை நம்புவார்களா?

உங்களுக்கு ஊஜி ஈ தெரிந்திருக்கும். புழு உடம்பில் கறுப்புத் தழும்பு, அப்புறம் கூட்டில் ஓட்டை. ஓட்டை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது, அங்காடியில் தள்ளுபடி. 1980 வாக்கில் வங்காளத்துப் பக்கமிருந்து கர்நாடகத்துக்கு வந்தது, ஓசூர் எல்லைக்காரர்களான எங்களுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஈ புழுமேல் முட்டை வைத்து, அதன் குஞ்சு புழுவுக்குள் புகுந்து தின்கிறது. அதாவது பட்டுப்புழுவுக்கு நிஜமான எதிரி குளவி இல்லை, ஈ.

ஈயின் குஞ்சு கூட்டை ஓட்டை போட்டு வெளியே வந்து, தரை வெடிப்பிலும் தட்டுக்கு அடியிலும் போய்க் கூட்டுப்புழுவாகும். அந்தக் கூட்டுப்புழுவுக்குள் முட்டை வைப்பதற்கு ஒரு குளவி இருக்கிறது, நிசோலிங்க்ஸ் தைமஸ் என்று பெயர். ஒரு ஈக்கூட்டிலிருந்து கும்பலாக வெளியே வரும். 100 முட்டைத்தொகுதிக்கு ஒரு லட்சம் குளவி என்பது கணக்கு. நைலான் பையில் கொடுப்பார்கள், ஐந்தாம் பருவத்தில் மனையில் தொங்கவிடுகிறோம், கூடு எடுத்த பிறகு அதே பையை எருக்குழிப் பக்கம் மாற்றிவிடுகிறோம். பக்கத்தில் லட்சம் புழு இருக்கும், ஒன்றையும் தொடாது.

ஒன்று மட்டும் கவனம். அந்துப்பூச்சி முட்டைக்கென்று விடுகிற குளவி அட்டை ஒன்று உண்டு, அந்தக் குளவியின் பெயர் டிரைக்கோகிரம்மா. நமக்கு வருவது பொரித்த சாக்கிப்புழு என்பதால் பயமில்லை. ஆனாலும் நான் அதை மனை ஓரம் கட்டமாட்டேன். பட்டுப்பூச்சியும் அந்துப்பூச்சி இனம்தானே என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

மருந்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "நாலு சால் விட்டு அடி" என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் எல்லாம் பட்டுப்புழுவுக்குச் சொட்டு போதும். நாலு சால் என்பது காற்றுக்குத் தெரியாது.

பதில் 4: பாலக்கோடு கரும்பு

எல்லாரும் குளவியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். என் அனுபவத்தையும் கேளுங்கள். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு அந்த டிரைக்கோகிரம்மா அட்டை கட்டினேன். ஒரு சிசி அட்டையில் ஏறக்குறைய இருபதாயிரம் முட்டை என்றார்கள். ஒட்டியிருப்பது நெல் அந்துப்பூச்சி முட்டை, அதற்குள் குளவி. காசு கொடுத்து வாங்கினேன், கட்டினேன், புழு அப்படியேதான் இருந்தது. அந்தக் காசுக்கு இரண்டு மூட்டை யூரியா வாங்கியிருக்கலாம்.

பதில் 5: அரூர் குச்சிக்காடு

தம்பி, கோபப்படாமல் சொல்லுங்கள். வாங்கின அட்டையை எப்படிக் கொண்டு வந்தீர்கள், எத்தனை நாள் கழித்துக் கட்டினீர்கள், எத்தனை தடவை கட்டினீர்கள்?

பதில் 6: பாலக்கோடு கரும்பு

பைக் டேங்க் கவரில்தான் வைத்துக் கொண்டு வந்தேன். சித்திரை மாதம். வருகிற வழியில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அப்புறம் இரண்டு நாள் மழை, ஜன்னலில் கிடந்தது. மூன்றாம் நாள் கட்டினேன். ஒரே ஒரு தடவை. கட்டப் போனபோது அட்டையில் எறும்பு இருந்தது, தட்டிவிட்டுக் கட்டினேன்.

இப்போது எழுதிப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

பதில் 7: அரூர் குச்சிக்காடு

அந்தக் குளவி உங்கள் டேங்க் கவரிலேயே பிறந்து அங்கேயே செத்திருக்கும். மிச்சத்தை எறும்பு தின்றிருக்கும். பரவாயில்லை, நான் நாலு தடவை மருந்து அடித்ததைவிட உங்களுக்குச் செலவு குறைவுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லவேண்டும். டிரைக்கோகிரம்மா கூலிக்கு வருகிற ஆள் மாதிரி. வருகிற நாளில் வேலை இருக்க வேண்டும், அதாவது காட்டில் புது முட்டை இருக்க வேண்டும். வேலை முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும், மறுபடி கூப்பிட வேண்டும். அதனால்தான் கரும்புக்கு நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக ஆறு தடவை, ஹெக்டேருக்கு இரண்டரை சிசி கட்டச் சொல்கிறார்கள். புழு தண்டுக்குள் போனபிறகு அட்டை கட்டிப் பிரயோஜனமில்லை, அது முட்டையை மட்டும்தான் தொடும். தங்கச்சி கேட்டது குடியேறி வந்து தங்குகிற குளவி. ஒரு தடவை பிடித்துக்கொண்டால் வருஷா வருஷம் வாங்க வேண்டாம். இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்க முடியாது.

பதில் 8: மல்பெரிக்காட்டுக்காரி (கேள்வி கேட்டவர், 23 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

இருபது கொத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் அண்ணன் சொன்ன மாதிரியே பழுப்பாகக் கெட்டியான பூச்சி இருந்தது, ஓட்டையோடு ஒன்று. அப்படியென்றால் நான் கேள்வி எழுதினபோதே குளவி எங்கள் காட்டுக்கு வந்திருக்கிறது! யார் விட்டதோ, எந்தக் காட்டிலிருந்து வந்ததோ.

வீட்டுக்காரரை நிறுத்தி வைத்தேன். பதினைந்து நாள் பார்ப்போம், அதற்குமேல் உங்கள் இஷ்டம் என்று பேச்சு. கொத்துகளை டிரம்மில் போட்டோம். கூடவே அத்தைக்குக் காட்டுவதற்காக ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் போட்டு வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்தேன். முதல் பத்து நாள் ஒன்றுமில்லை, இலை காய்ந்து நாற்றம்தான் வந்தது. பதினோராம் நாள் காலையில் துணிக்கு உள்பக்கம் கறுப்புப் புள்ளி ஏழெட்டு நகர்ந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுவா குளவி? பேனுக்குப் பேன் மாதிரி இருக்கிறது" என்றார்கள். பாட்டிலைக் காட்டில் கொண்டுபோய்த் திறந்ததும் அவர்கள்தான்.

கிழங்கு இன்னும் முழுக்கத் தெளியவில்லை. ஆனால் பழைய கொத்துக்குக் கீழே புதுக்கிளை விட்டிருக்கிறது, அதன் இலை விரிகிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன், புதிதாகச் சுருண்ட நுனி ஒரு சாலில் இரண்டுதான். இடையில் இரண்டு மழை பெய்தது, அதனால்கூட இருக்கலாம். புழு இன்று நாலாம் பருவத்தில் தோல் உரிக்கிறது, நன்றாக இருக்கிறது. தேன்கனிக்கோட்டைத் தம்பி சொன்ன நைலான் பைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். படம் போட்டிருக்கிறேன் பாருங்கள். கொத்துக்குள் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, ஆனால் நாலு மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் மாவு நூல் தொங்க ஒன்று வேகமாக நடக்கிறது. இது மாவுப்பூச்சியின் தாயா? மூன்று பார்த்தோம், ஒன்றை அத்தை காலால் தேய்த்துவிட்டார்கள்.

பதில் 9: அரூர் குச்சிக்காடு

ஐயோ, அது பொறிவண்டின் குஞ்சு தங்கச்சி! கிரிப்டோலேமஸ் வகையாக இருக்கும். மாவுப்பூச்சி வேஷம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியைத்தான் தின்கிறது. மாவுப்பூச்சி அவ்வளவு வேகமாக நடக்காது, அதுதான் அடையாளம். மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பதில் 10: மல்பெரிக்காட்டுக்காரி

விட்டாச்சு அண்ணா. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதுதான் அவர்களுக்குக் குளவிமேல் நம்பிக்கை வந்து, பக்கத்துக் காட்டுக்காரரிடம் பாட்டில் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.